துலாம் என்னும் சொல்

ஐப்பசி மாதத்தில் ஏதேனும் ஒரு நாள் விடியற்காலையில், நெய்வேலி நகரியத்து வீடுகளில் சுவர்தோறும் தொங்குகிற நாட்காட்டியின் முந்தைய நாள் தாளைக் கிழித்துவிட்டு, அன்றைய ராகு காலமும் எமகண்டமும் பார்த்து முடித்த பின் இன்னும் சற்றுக் கீழே கண்ணைச் செலுத்துகிறவர்களுக்கு, ‘துலா லக்ன இருப்பு’ என்று பொடியெழுத்தில் ஒரு வரியும், அதையடுத்து நாழிகைக் கணக்கும் அச்சாகியிருப்பது தென்படும். ஐப்பசி என்பது சூரியன் துலா ராசியில் சஞ்சரிக்கும் மாதமாதலால், அவன் உதிக்கும் தறுவாயில் கீழ்வானில் உதித்துக் கொண்டிருப்பதும் அந்த ராசியே. அது முழுவதும் உதித்து முடிய இன்னும் எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்பதையே அந்த வரி சொல்லுகிறது. முதல் ஷிப்டுக்குப் புறப்படுகிறவருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சோறு கட்டுகிறவருக்கும் அதனால் ஆக வேண்டிய காரியம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அந்தச் சொல்லின்மேல் நெடுநாளாக ஒரு பிரியம் உண்டு. இந்த ஊரில் வசிக்க வசிக்க அது வளர்ந்தும் வந்திருக்கிறது.

துலாம் என்றால் தராசு என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். தராசு என்றவுடன் சமத்துவம், நடுநிலைமை, நீதி என்று நம் மனம் மேலே மேலே ஏறிச் செல்வதும் சகஜமே. ஆயினும் அந்தச் சொல்லின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கே முதலில் அகப்படுகிற பொருள் சமத்துவம் அல்ல. தராசு கூட அல்ல. ‘துல்’ என்னும் வடமொழித் தாதுவுக்குத் ‘தூக்குதல்’ என்பதே ஆதிப் பொருள். பாரத்தைக் கையால் தூக்கிப் பார்க்கிறவன் அதன் எடையை உணர்கிறான். தூக்குவதற்கு ஒரு கோலை ஏற்படுத்திக் கொண்டபோது அந்தக் கோல் துலா ஆயிற்று. கோலின் இரு முனையும் ஒத்து நின்றபோது ‘துல்யம்’, அதாவது ஒப்பு என்ற சொல் பிறந்தது. நாம் இன்று விஞ்ஞானக் கட்டுரைகளில் ‘துல்லியமான அளவு’ என்று எழுதுகிறோமே, அந்தத் துல்லியம் இந்தத் துல்யத்தின் தமிழ் உருவந்தான். நிறுத்துப் பார்த்த தொகைக்கும் இதே பெயர் உண்டு: பழைய நூல்களின் கணக்குப்படி 100 பலம் கொண்டது ஒரு துலாம். லத்தீன் மொழியில் தூக்குதலைக் குறிக்கும் ‘தொல்லெரே’ என்ற வினையும், கிரேக்கர் முதலில் தராசுக்கும் பிறகு ஒரு பெரிய நிறைக்கும் இட்டு வழங்கிய ‘தலந்தோன்’ என்ற பெயரும் இந்தச் சொல்லுக்கு உறவினரே என்று மொழிநூலார் நிறுவியிருக்கிறார்கள்.

தமிழுக்கும் இந்த நுட்பம் புதியதன்று. எடை பார்ப்பதைத் ‘தூக்குதல்’ என்றும், எடையைத் ‘தூக்கு’ என்றும் நம் முன்னோர் சொன்னார்கள். ஆராய்ந்து மதிப்பதைச் ‘சீர்தூக்குதல்’ என்று இன்றும் சொல்லுகிறோம். சங்க இலக்கியம் துலாக்கோலின் நாவை ‘ஞமன்’ என்று குறிக்கிறது. இப்போது கடைத்தெருவில் எல்லோரும் வழங்கும் ‘தராசு’ பாரசீகத்திலிருந்து வந்து சேர்ந்த சொல்.

தூக்குகிற கோலுக்கெல்லாம் துலா என்று பெயரிடும் வழக்கம் கடையோடு நின்றுவிடவில்லை, கிணற்றடிக்கும் சென்றது. கிணற்றிலிருந்து நீர் இறைக்கிற ஏற்றத்தின் குறுக்கு மரத்துக்குத் துலா என்று பெயர். யாழ்ப்பாணத்தார் அந்தச் சாதனம் முழுவதையுமே துலா என்பார்கள். முந்திரியும் பலாவும் செழித்த செம்மண் பூமியில், விருத்தாசலத்துக்கும் பண்ணுருட்டிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், என் பாட்டனாரின் தோட்டக் கிணற்றில் அப்படியொரு சிறிய ஏற்றம் இருந்தது. கவட்டையாகக் கிளைத்த ஒரு மரத்தூணின்மேல் நீண்ட கழி ஒன்று குறுக்கே கிடக்கும். அதன் மெல்லிய நுனியிலிருந்து மூங்கில் ஒன்று கிணற்றுக்குள் தொங்க, மூங்கிலின் முனையில் சால் கட்டப்பட்டிருக்கும். கழியின் பருத்த அடியிலோ பனைநார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டிய கருங்கல் ஒன்று, பல வருஷத்து மழையில் பாசி பிடித்துப் பச்சையாகத் தொங்கிக் கொண்டிருக்கும். பாட்டனார் மூங்கிலைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே அமிழ்த்துவார். சால் நீரைக் கொண்டதும் பிடியைச் சற்றுத் தளர்த்துவார். அவ்வளவு பெரிய சால் ததும்பத் ததும்பத் தானாக மேலே வருவதுபோல் வரும். ஏழெட்டு வயதில் நான் அதைக் கண்டு வாய்பிளந்து நின்றபோது அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: “கல்லுதான்டா தூக்குது, நாம சும்மா புடிச்சிக்கினு இருக்கோம்.”

அந்த வாக்கில் இயற்பியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. நீர் நிறைந்த சாலின் எடை 20 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டு, சாலும் மூங்கிலும் கனமற்றவை என்றும், கழி இருபுறமும் சமநீளமுடையது என்றும் கணக்குக்காகப் பாவித்துக்கொள்வோம். மறுமுனையில் 10 கிலோ கல்லைக் கட்டினால், வெறும் சாலை உள்ளே அமிழ்த்தும்போது அந்தக் கல்லை உயர்த்துவதற்கான 10 கிலோ பலத்தை நாம் செலுத்துகிறோம். நிறைந்த சால் மேலேறும்போது கல் 10 கிலோ பலத்தைத் திருப்பித் தந்துவிடுவதால் மிச்சமுள்ள 10 கிலோவை மட்டும் நாம் கொடுத்தால் போதும். மொத்த உழைப்பில் ஓர் அணுவும் குறைந்துவிடவில்லை. ஒரே மூச்சில் தூக்க வேண்டியதை இரண்டு மூச்சாகப் பங்கிட்டுக் கொண்டோம். அதிலும் ஒரு மூச்சு, நம் உடம்பின் கனத்தையே துணையாகக் கொண்டு கீழ்நோக்கி இழுக்கிற சுலபமான மூச்சு. துலாவின் தத்துவம் இதுவே: பாரத்தைப் பாரத்தைக் கொண்டே தூக்குவது.

இந்தத் தத்துவத்தைப் பூதாகாரமான அளவில் கண்ணால் காண விரும்புகிறவர்கள் நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்புக்கு வந்து நின்று கீழே பார்க்க வேண்டும். மேல்மண்ணை வெட்டியெடுக்கும் பக்கெட் வீல் இயந்திரங்கள் அங்கே படிப்படியாக நின்று வேலை செய்கின்றன. ஒரு நீண்ட கையின் நுனியில் பல்வைத்த வாளிகள் வரிசையாகப் பொருத்திய ராட்சதச் சக்கரம் ஒன்று சுழன்று, மண்சுவரைச் சீவிச் சீவிக் கன்வேயர் பட்டையில் கொட்டுகிறது. பார்க்கிறவர்கள் எல்லோருடைய கண்ணும் அந்தச் சக்கரத்தின்மேல்தான் செல்லும். நானோ ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தின் பின்பக்கத்தையே பார்ப்பேன். அங்கே, முன்கைக்கு நேர் எதிராக, இன்னொரு கை ஆகாயத்தில் நீண்டிருக்கிறது. அதன் முனையில் எதிர் எடை அமர்ந்திருக்கிறது. அது மண்ணைத் தொடுவதில்லை, ஓசை செய்வதில்லை, சக்கரம் முன்னே நீண்டு மண்ணைக் கடிக்கும்போது இயந்திரம் குப்புறக் கவிழ்ந்து விடாமல் பின்னே இருந்து தாங்குவது ஒன்றே அதன் வேலை. பச்சைப் பாசி படிந்த அந்தக் கருங்கல்லை எனக்கு அது நினைவூட்டாத நாளில்லை. இந்த இயந்திரங்களை ஊழியர்கள் வாளியின் கொள்ளளவைக் கொண்டு 350 லிட்டர், 700 லிட்டர், 1400 லிட்டர் என்று பேர் சொல்லி அழைப்பார்கள். லிட்டர் என்ற சொல்லின் பூர்வீகமும் இங்கே கூறத் தக்கது: துலா ராசியை ரோமர் ‘லிப்ரா’ என்றனர், லிப்ரா என்றால் தராசு, ஒரு பவுண்டு நிறைக்கும் அதுவே பெயர், அதற்கு இனமான கிரேக்கச் சொல் ‘லித்ரா’, அதிலிருந்துதான் லிட்டர் பிறந்தது. அதே லித்ரா அராபியர் வாயில் புகுந்து ‘ரத்ல்’ ஆகி, கப்பலேறி நம் கரைக்கு வந்து ‘ராத்தல்’ ஆயிற்று. இலங்கையில் ஒரு ராத்தல் பாண் வாங்கியவரும், நெய்வேலியில் 1400 லிட்டர் இயந்திரத்தை ஓட்டுகிறவரும் தங்களை அறியாமலே ஒரே தராசின் பெயரை உச்சரித்தவர்கள்தாம்.

இனி, கண்ணுக்குத் தெரியாத துலா ஒன்று இந்த ஊரின் அடியில் இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதுவதில் எனக்குத் திருப்தி ஏற்படாது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பது வெளிப்பட்டதே தண்ணீர் தேடியதால்தான். 1930களின் நடுப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தானாகப் பீறிட்ட நீரோடு கறுப்பான பொருள் ஒன்று கலந்து வெளிவந்தது. அவர் அதை அலட்சியம் செய்யாமல் அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டு போனார். பின்னர் பூகர்ப்ப சாஸ்திரிகள் துளையிட்டு ஆராய்ந்து, நிலத்தடியில் பரந்து கிடக்கும் நிலக்கரிப் படுகையின் விஸ்தாரத்தைக் கண்டறிந்தனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி வெயிலைக் கண்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நின்ற காடு மண்ணுக்குள் அமிழ்ந்து, கரியாகும் வழியில் பாதி தூரம் வந்த நிலையில் நமக்குக் கிடைத்தது. மரத்தின் வரிகளை இன்னும் இழக்காத ஒரு கட்டியை உடைத்து முகர்ந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பாதி தூரம் என்பதன் அர்த்தம் விளங்கும்.

ஆனால் அந்தக் கிணற்றில் நீர் தானாகப் பீறிட்டு மேலே வந்தது ஏன்? நெய்வேலிக்கு மேற்கே உயர்ந்த நிலத்தில் வெளியே தலைகாட்டுகிற கடலூர் மணற்கல், கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து போகிறது. மேற்கே பெய்த மழை அந்த மணற்கல்லுக்குள் இறங்கிச் சரிவிலேயே ஊர்ந்து வருகிறது. நிலக்கரியும் களிமண்ணும் மூடிபோல் மேலே படிந்திருப்பதால், அது வெளியேற வழியில்லாமல் அடைபட்டுப் போகிறது. உயரத்தில் உள்ள நீரின் கனம் தாழ்விடத்தில் உள்ள நீரை அழுத்துகிறது. இவ்வாறு நிலக்கரிப் படுகையின் அடியிலிருந்து அந்த நீர் மேல்நோக்கிச் செலுத்தும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை இருந்தது.

இந்த எண்ணின் பொருளை உணர ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் ஒரு சதுர சென்டிமீட்டரை ஒரு கிலோகிராம் எடையால் அழுத்தும். ஆகவே 7 கிலோகிராம் அழுத்தம் என்பது 70 மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமானம். ஈரமண் நீரைக் காட்டிலும் சுமார் இரண்டு மடங்கு கனமுடையது. எனவே 35 மீட்டர் மண்ணின் கனம் இந்த நீரழுத்தத்தைச் சரிக்கட்டிவிடும். நெய்வேலியில் நிலக்கரியின் மேல் கிடக்கும் மண்ணின் ஆழமோ ஏறத்தாழ 50 முதல் 100 மீட்டர். அதாவது, மனிதன் கை வைப்பதற்கு முன் இந்தத் துலாவின் மேல்தட்டு, மண்ணால் வேண்டிய மட்டும் கனத்திருந்தது. கீழேயிருந்து நீர் எவ்வளவு உந்தினாலும் பூமி அசையவில்லை. சுரங்கம் வெட்டுவதென்பது அந்த மேல்தட்டிலுள்ள எடைகளை ஒன்றொன்றாக எடுத்துவிடுவதே. மண்ணெல்லாம் போய், 15 மீட்டர் கனமுள்ள நிலக்கரிப் படுகை மட்டும் மிஞ்சும் நிலையில், மேலிருந்து அழுத்தும் எடை சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றே முக்கால் கிலோகிராம் அளவுதான் வரும். கீழிருந்து உந்துவதோ 7. தட்டு ஒரே கணத்தில் புரண்டுவிடும். சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் பொங்கிவிடும்.

ஆகவேதான் நிலக்கரியை எடுப்பதற்கு முன் நீரை எடுக்க வேண்டியதாயிற்று. மேல்தட்டின் கனம் குறையக் குறைய, கீழ்த்தட்டின் கனத்தையும் அதற்கேற்பக் குறைத்துக் கொண்டே போக வேண்டும். சுரங்கம் முன்னேறும் திசையில் ஆழ்துளைக் கிணறுகளை இட்டு, இரவும் பகலும் மோட்டார்களால் நீரை இறைத்து, அடி அழுத்தத்தைச் சுரங்கத் தரைக்குக் கீழே தாழ்த்திவைக்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூட அந்த மோட்டார்கள் ஓய முடியாது. ஓய்ந்தால் நீர் தன் பழைய உயரத்தைத் தேடிக் கொண்டு வரும். பாட்டனாரின் கிணற்றடித் துலா பத்துச் சால் இறைத்துவிட்டுச் சாய்ந்து கிடக்கும். இந்தத் துலாவை 1961க்கு முன்பிருந்தே ஒரு நிமிஷமும் கைவிடாமல் மனிதர்கள் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள். இறைத்த நீரில் ஒரு பங்கு அனல் மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போக, ஒரு பங்கு வாலாஜா ஏரிக்குச் சென்று வயல்களில் பாய்கிறது. சுற்றுப்புறத்தில் தானாகப் பீறிட்ட ஊற்றுக்கிணறுகள் பின்னர் அடங்கிப்போய், மோட்டார் வைத்தே நீர் எடுக்க வேண்டிய நிலை வந்ததையும் இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒரு தட்டில் வைத்ததெல்லாம் இன்னொரு தட்டில் தெரியத்தான் செய்யும். ஓர் உழவர் வீட்டுக் கிணறு அந்தத் தட்டில் இருக்கிறது என்பதை மின்விளக்கின் கீழ் இருந்து எழுதுகிற நான் மறக்கக் கூடாது.

பூமியிலிருந்து இனி ஆகாயத்துக்குச் செல்வோம். ஆடு, காளை, நண்டு, சிங்கம், தேள், மீன் என்று உயிருள்ளவை நிறைந்த ராசி மண்டலத்தில் ஒரு தொழிற்கருவி இடம்பெற்றது எவ்வாறு? மேல்நாட்டார் தங்கள் ராசிகளில் லிப்ரா ஒன்றுதான் உயிரற்றது என்பார்கள். தனுசை வில்லேந்திய உருவமாகவும் கும்பத்தை நீர் வார்க்கும் மனிதனாகவும் அவர்கள் காண்பதால் அவ்வாறு சொல்ல முடிகிறது. தமிழிலோ அவை சிலை என்றும் கும்பம் என்றும், வில்லாகவும் குடமாகவுமே நிற்கின்றன. ஆகவே நம் வானத்தில் துலாத்துக்குத் துணை உண்டு. இன்னொன்றும் கூற வேண்டும்: ராசி என்ற சொல்லுக்கே குவியல் என்பதுதான் முதற்பொருள், நட்சத்திரங்களின் குவியல். மேல்மண்ணை மலைமலையாகக் குவித்து வைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு அந்தப் பொருளை மறப்பது கடினம்.

துலாத்தை முதன்முதலில் வானில் கண்டவர்கள் பாபிலோனியர். கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த வான நூற் செய்திகளைத் தொகுத்துக் கூறும் ‘முல் அபின்’ என்னும் களிமண் ஏடுகளில் அந்த நட்சத்திரக் கூட்டம் ‘சிபானீத்து’, அதாவது தராசு, என்ற பெயரோடு காணப்படுகிறது. ஆனால் அதே ஏடுகள் அதைத் தேளின் கொம்பு என்றும் சொல்லுகின்றன. கிரேக்கர் இந்த இரண்டாம் வழக்கைப் பற்றிக்கொண்டு, அதைத் தனி உருவமாகக் கொள்ளாமல், பக்கத்திலுள்ள விருச்சிகத்தின் நீட்டிய கொடுக்குகளாகவே நெடுங்காலம் கண்டனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய பெருநூலிலும் அது கொடுக்குதான். அராபியர் அந்த வழக்கை ஏற்று, அதன் இரண்டு பிரதான நட்சத்திரங்களுக்குத் தெற்குக் கொடுக்கு, வடக்குக் கொடுக்கு என்று பொருள்படும்படி சுபன் எல்ஜெனூபி, சுபன் எஸ்சமாலி என்று பெயரிட்டார்கள். தராசைக் குறித்த ‘சிபானீத்து’வுக்கும் கொடுக்கைக் குறித்த ‘சுபானா’வுக்கும் உள்ள ஒலி ஒற்றுமையைக் கவனியுங்கள்: ஒரே சொல்லின் நிழலில் தராசும் தேளும் மாறி மாறி ஒதுங்கியிருக்கின்றன.

கிரேக்கரில் ஒரு சாரார் அதற்கு ‘சுகோன்’ என்றும் பெயர் வழங்கினர். சுகோன் என்றால் நுகத்தடி. இரண்டு மாடுகளை ஒரே மட்டத்தில் நிறுத்தும் அந்த மரம், இரண்டு தட்டுகளை ஒரே மட்டத்தில் நிறுத்தும் தராசுக் கோலுக்கும் ஆகிவந்தது. ‘யுகம்’ என்னும் வடசொல்லுக்கும் நுகத்தடி என்று ஒரு பொருள் உண்டு. சுகோனும் யுகமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கிரேக்கச் சொல் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகஜ்ஜாதகத்தில் துலாத்துக்கு ‘ஜூகம்’ என்ற பெயரும் சொல்லப்பட்டிருக்கிறது. மேஷத்துக்குக் ‘கிரியம்’, சிம்மத்துக்கு ‘லேயம்’ என்பவையும் அவ்வாறே கிரேக்கத்தின் சிதைந்த உருவங்கள். ஆக, நெடுங்காலத்துக்கு முன் பிரிந்துபோன இரண்டு சகோதரச் சொற்களில் ஒன்று ஏரோடும் மாட்டோடும் இங்கேயே இருக்க, மற்றொன்று வானசாஸ்திரப் புலமையோடு யவன தேசத்திலிருந்து திரும்பி வந்தது. ஆனால் ஜூகம் நிலைக்கவில்லை. பண்டிதர்களின் ஏட்டோடு அது நின்றுவிட, ஜனங்களின் வாயில் துலாவே வென்றது. தமிழ் அதைத் துலை என்று தன் நாவுக்கு இசைய மாற்றிக் கொண்டது. ஆட்டைத் தலைமையாகக் கொண்டு சூரியன் செல்லும் ராசி வீதியை நெடுநல்வாடையே குறிப்பிடுவதால், ராசி மண்டலம் பழந்தமிழருக்குப் பரிச்சயமானதே என்பதில் ஐயமில்லை.

அந்த இடத்தில் தராசை வைத்ததற்குக் காரணம் பகலும் இரவும் சமமாகும் விஷுவ தினத்தோடு தொடர்புடையது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கருத்து. கணக்கும் அதற்கு இடம் கொடுக்கிறது: கி.மு. 1200ஐ ஒட்டிய காலத்தில் இலையுதிர்கால விஷுவத்தன்று சூரியன் நின்ற இடம், தெற்குக் கொடுக்கு நட்சத்திரத்துக்கு மிக அண்மையில் இருந்தது. ஆனால் சமநாளுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பதைப் புரிந்துகொள்ள நாம் நெய்வேலியை விட்டுப் பாபிலோனுக்குப் போக வேண்டும். அங்கே கோடையின் நெடும்பகல் ஏறத்தாழ 14 மணி 15 நிமிஷம்; குளிர்காலத்தின் குறும்பகல் 10 மணிக்குச் சற்று மேல். தட்டுகள் அவ்வளவு தூரம் ஏறி இறங்குகிற நாட்டில், இரண்டும் ஒத்து நிற்கும் நாள் கண்ணுக்கும் மனத்துக்கும் தெளிவாகத் தெரியும். நம் நாட்டு வேதாங்க ஜோதிஷமும் நெடும்பகலை 18 முகூர்த்தம் என்றும் குறும்பகலை 12 முகூர்த்தம் என்றும் கூறுவது, அந்தக் கணக்கு வடமேற்கே வெகுதூரத்தில் பிறந்தது என்பதைக் காட்டுகிறது. 11½ பாகை அட்சத்தில் உள்ள நெய்வேலியிலோ நெடும்பகல் 12 மணி 48 நிமிஷத்துக்கு மேற்படாது. குறும்பகல் சுமார் 11 மணி 26 நிமிஷம். இங்கே தட்டுகள் லேசாக ஆடுகின்றன, அவ்வளவே. ஆகையால் ஐப்பசியை நாம் பகலின் அளவால் அறிவதில்லை; அடைமழையால் அறிகிறோம்; சுரங்கத்தில் இருப்பவர்கள் கீழிருந்து வரும் நீரோடு மேலிருந்து வரும் நீரையும் சேர்த்து இறைக்க வேண்டிய மாதம் என்று அறிகிறார்கள்.

இன்னொரு மாறுதலும் நிகழ்ந்துவிட்டது. பூமியின் அச்சு, வேகம் தளர்ந்த பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 25,800 வருஷம். அதனால் விஷுவப் புள்ளி ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் மேற்கே நகர்ந்துகொண்டே போகிறது. கி.பி. 285ஐ ஒட்டிய காலத்தில் நம் துலா ராசியின் தொடக்கமும் சமநாளும் ஒன்றியிருந்தன; இன்று இரண்டுக்கும் இடையே 24 பாகைக்கு மேல் விலகல். சமநாள் செப்டம்பர் 23ஐ ஒட்டி, புரட்டாசி முதல் வாரத்திலேயே வந்து போய்விடுகிறது. சூரியன் துலாத்தில் புகுவதோ அக்டோபர் 18ஐ ஒட்டி. ஆயினும் ஐப்பசி முதல் நாளுக்கு ‘ஐப்பசி விசு’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. குற்றாலத்தில் அதற்குத் திருவிழாவே நடக்கிறது. விசு என்பது விஷுவமே. பொருள் நகர்ந்துவிட்டது, பெயர் நகரவில்லை. 1952இல் மேகநாத சாகாவைத் தலைவராகக் கொண்டு அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இந்த விலகலை ஆராய்ந்து, 1956ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் தேதிக்கு அது 23 பாகை 15 கலை என்று வரையறுத்தது. அந்தக் குழுவின் பரிந்துரைப்படி தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் அமலுக்கு வந்தது. சரியாக இரண்டு மாதத்துக்குள் நெய்வேலியில் மண்வெட்டும் வேலை தொடங்கியது. நிறைகளும் அளவைகளும் நாடு முழுவதும் மெட்ரிக் முறைக்கு மாற வேண்டும் என்ற சட்டம் பிறந்ததும் 1956இல்தான். பலமும் வீசையும் துலாமும் கடைகளிலிருந்து விடைபெறத் தொடங்கிய அந்த வருஷங்கள் இந்த ஊர் பிறந்த வருஷங்கள்.

காவிரிக் கரையில் மட்டும் துலா சிறிதும் விடைபெறவில்லை. ஐப்பசி முழுவதும் துலா ஸ்நானம் என்று மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் ஜனங்கள் முழுகுகிறார்கள். மாதக் கடைசியில் கடைமுகமும், கார்த்திகை முதல் நாளில் முடவன் முழுக்கும் நடைபெறுகின்றன. பொன்னுக்கு எதிர்த்தட்டில் அரசன் தன்னையே வைத்து நிறுத்துத் தானம் செய்த துலாபாரத்தை முதலாம் ராஜராஜ சோழன் திருவிசலூரில் நிகழ்த்தியிருக்கிறான். இன்று குருவாயூரில் ஒரு குழந்தையை வாழைப்பழத்துக்கு நிகராகத் தட்டில் உட்காரவைக்கும்போது, தட்டு தரையைவிட்டுக் கிளம்பும் அந்தக் கணத்தில் தாயின் முகத்தைப் பார்த்தவர்கள், ‘துல்’ என்ற வேரின் பொருளை அகராதியில் தேட வேண்டியதில்லை.

துலாத்தை ஆகாயத்தில் நேரே பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஐப்பசி உதவாது; சூரியன் அதை மறைத்துக்கொண்டிருப்பான். வைகாசி, ஆனி மாதங்களில் இரவு ஒன்பது மணிக்குமேல், நகரியத்துத் தெருவிளக்குகளுக்கும் சுரங்கத்தின் வெளிச்சத்துக்கும் சற்று ஒதுங்கி, முந்திரித் தோப்புப் பக்கமாக நின்று தெற்கு நோக்கி அண்ணாந்து பார்க்க வேண்டும். சித்திரை நட்சத்திரத்துக்குக் கிழக்கே, விருச்சிகத்தின் சிவந்த கேட்டைக்கு மேற்கே, இடைப்பட்ட வானத்தில் மிதமான ஒளியுடைய இரண்டு நட்சத்திரங்கள் தெரியும்; அவற்றோடு மங்கலான வேறு இரண்டையும் சேர்த்தால் அதுவே விசாகம். தெற்கே உள்ளதைச் சாதாரணத் தொலைநோக்கியால் பார்த்தால் இரண்டாகப் பிரிந்து தோன்றும். அதன் ஒளி நம்மை வந்து அடைய 75 ஆண்டுக்கும் சற்று அதிகமாகிறது. அதாவது, இன்று இரவு நாம் பார்க்கும் ஒளி அங்கிருந்து கிளம்பிய காலத்தில் இந்த ஊர் இல்லை. இங்கே முந்திரியும் பலாவும் நின்றன, ஊற்றுக்கிணறுகள் தாமே பொங்கிக் கொண்டிருந்தன. வடக்கே உள்ளது சற்றுப் பிரகாசமானது. அதில் இளம்பச்சைச் சாயல் தெரிவதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு வெண்மையாகத்தான் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோலைக் கற்பனை செய்துகொண்டால் அது தரைக்குச் சமமாக இராது; கோல் சாய்ந்தே இருக்கும். இரவு வளர வளர ராசி மேற்கே சாயும். அடிவானத்தில் ஷிப்டு மாறும் சங்கு ஊதும். அந்த ஓசை அடங்கிய பிறகும் மோட்டார்களின் மெல்லிய இரைச்சல் காற்றோடு வந்துகொண்டிருக்கும்.